18446744073709551615: இதன் காரணிகளைக் கையால் எடுக்க வழி இருக்கிறதா?

தம்பலகாமத்தான்:

வணக்கம். தம்பலகாமத்தில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். பதினோராம் தரம் படிக்கும் மகள் பெருக்கல் விருத்திப் பாடத்தில் சதுரங்கப் பலகைக் கணக்கைக் கொண்டு வந்தாள். முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு, இப்படி 64 கட்டங்களையும் நிரப்பினால் மொத்தம் எத்தனை நெல்? சூத்திரத்தில் போட்டால் 2⁶⁴ − 1. அவளுக்கு அத்தோடு வேலை முடிந்தது. எனக்கு முழு எண்ணையும் பார்க்க வேண்டும் போல் இருந்தது. ஆலையில் இருக்கும் கல்குலேட்டர் பன்னிரண்டு இலக்கம்தான் காட்டும். 2⁴⁰ வந்ததும் நின்றுவிட்டது. மிச்சத்தைப் பேரேட்டுத் தாளில் இரட்டித்து இரட்டித்து எடுத்தேன்.

18446744073709551615.

ஆயிரம் நெல்மணி எண்ணித் தராசில் போட்டால் 25 கிராம் அளவில் நிற்கிறது. அந்தக் கணக்குப்படி இது 46,000 கோடி தொன்னுக்கு மேல். பெரும்போகமும் சிறுபோகமும் நன்றாக விளைந்த வருடத்திலும் இலங்கை முழுவதற்கும் 50 இலட்சம் தொன் அளவில்தான் நெல் வரும். அப்படிப் பார்த்தால் தொண்ணூறாயிரம் வருட விளைச்சல்! சரி, அது நெல்லின் கதை. நான் கேட்க வந்தது எண்ணைப் பற்றி.

கடைசி இலக்கம் 5, ஆகவே 5ஆல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 87, ஆகவே 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. 15ஆல் வகுத்தேன்: 1229782938247303441. அதற்கு 7, 11, 13 மூன்றும் சரிவரவில்லை. 17ஆல் மீதியில்லாமல் போனது: 72340172838076673. அங்கேதான் நிற்கிறேன். 19 தொடங்கி நூறு வரையுள்ள முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் வகுத்தாயிற்று, ஒன்றும் போகவில்லை.

இந்த 72340172838076673 ஒரு முதன்மை எண்ணா? இல்லையென்றால் கணினி இல்லாமல், தாளும் பேனையும் வைத்துக்கொண்டு இதை உடைக்க வழி உண்டா? விடையை மட்டும் போட்டுவிடாதீர்கள். வழி வேண்டும்.


கிண்ணியா நிஹார்:

அண்ணா, அது முதன்மை எண் இல்லை. கணினியில் போட்டுப் பார்த்தேன், காரணிகள் எல்லாம் வந்துவிட்டன. நீங்கள் வழியைக் கேட்டிருப்பதால் இங்கே எழுதவில்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். சரிபார்க்க எக்செல்லுக்குப் போகாதீர்கள். அது 15 இலக்கத்துக்கு மேல் வைத்திருக்காது. உங்கள் எண்ணை அடித்தால் 18446744073709500000 என்று மாற்றிவிடும். கடைசி ஐந்து இலக்கமும் பூச்சியம்! ஒற்றை எண்ணே இரட்டை எண்ணாகிவிடும், பிறகு எந்த வகுத்தலைச் செய்தும் பயனில்லை. பைத்தான் என்ற கணினி மொழியில் போட்டால் எண் எவ்வளவு நீண்டாலும் கடைசி இலக்கம் வரை அப்படியே இருக்கும்.

எனக்கு மென்பொருள் வேலை. இந்த எண்ணை நாங்கள் அடிக்கடி சந்திப்போம். 64 பிட்டில் குறியில்லாத முழு எண்ணாக எழுதக்கூடிய ஆகப் பெரிய எண் இதுதான். துவிதத்தில், அதாவது 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதினால் 64 இடத்திலும் 1. இன்னும் ஒன்றைக் கூட்டினால் அந்த 64 பிட்டும் பூச்சியமாகிவிடும்.

பலகைக் கதையும் பழையது. 13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் அரபியில் எழுதிய வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பிலேயே இருக்கிறது. கையால் உடைக்கும் வழியை யாராவது ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.


மடத்தடி ரீச்சர்:

தம்பி, நூறு வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தீர்களே, அதைப் படிக்கவே சந்தோஷமாக இருந்தது. அதே வழியில் விடாமல் போயிருந்தால் இன்னும் முப்பதாவது வகுத்தலில் ஒன்று கிடைத்திருக்கும். ஆனால் அவ்வளவு பாடுபட வேண்டியதில்லை.

இருபது இலக்கத்தையும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2⁶⁴ என்பது 2³²இன் வர்க்கம். 1 என்பது 1இன் வர்க்கம். அப்படியானால் உங்கள் கையில் இருப்பது இரு வர்க்கங்களின் வித்தியாசம். உங்கள் மகள் ஒன்பதாம் தரத்திலேயே படித்திருப்பார்: அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ).

2⁶⁴ − 1 = (2³² − 1)(2³² + 1)

இப்போது 2³² − 1ஐப் பாருங்கள். அதுவும் இரு வர்க்கங்களின் வித்தியாசம்.

2³² − 1 = (2¹⁶ − 1)(2¹⁶ + 1)
2¹⁶ − 1 = (2⁸ − 1)(2⁸ + 1)
2⁸ − 1 = (2⁴ − 1)(2⁴ + 1)
2⁴ − 1 = (2² − 1)(2² + 1)

கடைசியில் 2² − 1 = 3. கீழிருந்து மேலே சேர்த்தால்:

2⁶⁴ − 1 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

நீங்கள் எடுத்த 3, 5, 17 மூன்றும் வரிசையில் முன்னால் நிற்கின்றன. நீங்கள் மாட்டிக்கொண்ட 72340172838076673 மிச்ச மூன்றின் பெருக்கம். இடையில் நின்று சரிபார்க்கவும் வசதி இருக்கிறது: 3 × 5 = 15, அது 17ஐவிட 2 குறைவு. 15 × 17 = 255, அது 257ஐவிட 2 குறைவு. 255 × 257 = 65535, அது 65537ஐவிட 2 குறைவு. எவ்வளவு தூரம் போனாலும் இப்படித்தான்.

இந்த ஆறு எண்களுக்கும் பெரிய வரலாறு உண்டு. ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1640இல் இந்த வரிசையைப் பார்த்தார். 3, 5, 17, 257, 65537 ஐந்தும் முதன்மை எண்கள். இந்த வகையில் வரும் எல்லாமே முதன்மையாகத்தான் இருக்கும் என்று நம்பி நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். ஆறாவது 4294967297 பத்து இலக்கம். தொண்ணூறு வருடத்துக்கு மேல் அதை யாரும் அசைக்கவில்லை. 1732இல் ஒயிலர் 641ஆல் வகுபடும் என்று காட்டினார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. 641ஆல் வகுபடும் என்பதை வகுக்காமலேயே காட்டலாம். 641ஐ இரண்டு விதமாக எழுதுங்கள்:

641 = 5 × 128 + 1 = 5 × 2⁷ + 1
641 = 625 + 16 = 5⁴ + 2⁴

இரண்டாவதை 2²⁸ஆல் பெருக்கினால் 5⁴ × 2²⁸ + 2³². இது 641இன் மடங்கு, பெருக்கித்தானே எடுத்தோம். இனி 5⁴ × 2²⁸ − 1ஐ எடுங்கள். இது (5 × 2⁷)⁴ − 1. மறுபடியும் இரு வர்க்கங்களின் வித்தியாசம், இரண்டு தடவை பிரித்தால் அதற்குள் 5 × 2⁷ + 1 என்ற காரணி வரும். அதாவது 641. ஆகவே இதுவும் 641இன் மடங்கு.

முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். 5⁴ × 2²⁸ போய்விடும். மிஞ்சுவது 2³² + 1. இரண்டு மடங்குகளின் வித்தியாசமும் மடங்குதான். முடிந்தது.

பத்து இலக்க எண் ஒன்று, ஒரு இலக்கத்தைக்கூட எழுதாமல் உடைந்துவிட்டது! கிண்ணியாப் பாலம் கட்டுவதற்கு முன் மூதூரிலிருந்து லோஞ்சில் வந்து படித்த பிள்ளைகளுக்கு உயர்தர வகுப்பில் இதைக் காட்டியிருக்கிறேன். அவர்களில் ஒரு பிள்ளை அந்தக் கழித்தலை எழுதி முடித்ததும் கரும்பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்று, மேலிருந்து கீழ்வரை மறுபடி வாசித்துவிட்டுத்தான் இருக்கைக்குப் போனது. பாடத்திட்டத்தில் இது இல்லை. இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆனாலும் தம்பி, நீங்களும் மகளும் 4294967297 ÷ 641ஐ நெடும் வகுத்தலில் ஒருமுறை செய்துவிடுங்கள். நிறுவலை வாசிப்பது ஒன்று, மீதி பூச்சியமாவதைக் கண்ணால் பார்ப்பது இன்னொன்று.


தம்பலகாமத்தான்:

ரீச்சர், செய்தோம். மகள்தான் கட்டம் போட்ட கொப்பியில் எழுதினாள், நான் 641ஆம் வாய்பாட்டைப் பக்கத்துத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

4294இல் 641 ஆறு முறை, மீதி 448. 9ஐ இறக்கினால் 4489. ஏழு முறை போட்டால் 4487, மீதி 2. பிறகு 6ஐ இறக்கினால் 26, 7ஐ இறக்கினால் 267, இரண்டுக்கும் பூச்சியம். 2ஐ இறக்கினால் 2672, நான்கு முறை, மீதி 108. 9ஐ இறக்கினால் 1089, ஒரு முறை, மீதி மறுபடியும் 448! கடைசியாக இருந்தது 7. அதை இறக்கினால் 4487. சற்று முன் கழித்த அதே 4487. மகள் எழுதுவதற்கு முன்னாலேயே "அப்பா, போகப்போகுது" என்றாள்.

ஈவு 6700417. அப்படியானால்:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

மேலிருந்து கீழாகப் பெருக்கிப் பார்த்தோம், சரியாக வந்தது.

இப்போது அவள் கேட்கிறாள், இந்த 6700417 இன்னும் உடையுமா என்று. அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம் வருகிறது. அது வரையுள்ள முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் வகுப்பதென்றால் நூற்றுக்கணக்கில் வகுக்க வேண்டும். அதற்கும் குறுக்கு வழி உண்டா? இன்னொன்று, ஒயிலருக்கு 641 எப்படிக் கிடைத்தது? 2, 3, 5 என்று தொடங்கி ஒவ்வொன்றாகப் போனாரா?


மடத்தடி ரீச்சர்:

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

2³² + 1ஐ வகுக்கும் ஒரு முதன்மை எண்ணை ப என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 8, 16 என்று 2இன் வலுக்களை வரிசையாக எடுத்து ஒவ்வொன்றையும் பஆல் வகுத்து மீதியை எழுதிக்கொண்டு போனால், மீதி எப்போதாவது 1 ஆகும். அதன் பிறகு அதே மீதிகள் அதே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வரும். அந்தச் சுற்றின் நீளம் எவ்வளவு? 2³² + 1 பஆல் வகுபடுவதால் 2³²இன் மீதி −1 என்று சொல்லலாம். அதை வர்க்கித்தால் 2⁶⁴இன் மீதி 1. ஆகவே சுற்றின் நீளம் 64ஐ வகுக்க வேண்டும், ஆனால் 32ஐ வகுக்கக் கூடாது. அப்படிப்பட்ட எண் 64 ஒன்றுதான்.

ஃபெர்மாவின் சிறிய தேற்றம் சொல்வது என்ன? 2இன் (ப − 1)ஆம் வலுவுக்கும் மீதி 1. அப்படியானால் ப − 1க்குள் 64இன் சுற்று முழுதாக அடங்க வேண்டும். அதாவது ப என்பது 64இன் ஒரு மடங்கோடு 1 கூட்டிய எண்ணாகத்தான் இருக்கும்.

65, 129, 193, 257, 321 என்று எழுதிக்கொண்டு போங்கள். முதன்மை அல்லாதவற்றை வெட்டினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதே 641! ஒயிலர் காரணிகள் இந்த வடிவில்தான் இருக்கும் என்பதைப் பிற்காலத்தில் நிறுவியும் வைத்தார். அதனால் 641 அதிர்ஷ்டத்தில் கிடைத்தது என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புக்கொள்ள மனம் வராது.

என்னை இன்றைக்கும் வருத்துவது ஃபெர்மாதான். அந்தச் சிறிய தேற்றத்தைக் கடிதத்தில் எழுதியவர் அவரே. அதே 1640ஆம் ஆண்டு! ஆயுதமும் அவரிடம் இருந்தது, எண்ணும் அவரிடம் இருந்தது. ஐந்து வகுத்தல் தூரம்.

இனி 6700417. இதுவும் 2³² + 1ஐ வகுப்பதால் இதற்குள் இருக்கும் எந்த முதன்மைக் காரணியும் அதே வடிவில்தான் இருக்க வேண்டும். 641க்குக் கீழே உள்ள நான்கும் 4294967297க்கே சரிவராதவை, அவற்றைத் தொட வேண்டாம். 641இலிருந்து 2588 வரை மிஞ்சுவது 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113. ஏழே ஏழு வகுத்தல். மீதிகளைத் தருகிறேன், மகள் செய்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும்: 44, 120, 334, 832, 622, 232, 94. ஒன்றும் பூச்சியமில்லை. ஆகவே 6700417 முதன்மை எண். காரணிப்படுத்தல் அங்கே முடிகிறது.

இதே முறையில் 65537ஐச் சோதிப்பது இன்னும் எளிது. அங்கே 32இன் மடங்கோடு 1. வர்க்கமூலம் 256. அது வரை 97, 193 இரண்டுதான். 97ஆல் மீதி 62, 193ஆல் மீதி 110.

தம்பி நிஹார், உங்கள் 64 பிட்டுக்கு அடுத்த படி 2⁶⁴ + 1. அதுவும் முதன்மை அல்ல. 274177 × 67280421310721 என்று லாண்ட்ரி 1880இல் வெளியிட்டார். கையால் செய்த வேலை! 65537க்குப் பிறகு இந்த வரிசையில் முதன்மை எண் எதையும் இன்றுவரை யாரும் கண்டதில்லை.


சாம்பல்தீவு மாணவி:

ரீச்சர், நான் உயர்தரம் படிக்கிறேன், இணைந்த கணிதம். ஈருறுப்பு விரிவுக்குப் பாஸ்கலின் முக்கோணி எழுதும்போது ஒற்றை எண் வரும் இடத்தில் 1, இரட்டை எண் வரும் இடத்தில் 0 என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். பிறகு ஒவ்வொரு வரியையும் துவித எண்ணாக வாசித்தேன்.

1
11 என்பது 3
101 என்பது 5
1111 என்பது 15
10001 என்பது 17
110011 என்பது 51
1010101 என்பது 85
11111111 என்பது 255

அடுத்தது 257. உங்கள் பதிலில் பார்த்த எண்களாகவே வருகின்றன. இது தற்செயலா?


மடத்தடி ரீச்சர்:

தற்செயல் இல்லை, பிள்ளை. இதை நீயாகவே கண்டாய் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இரட்டையை 0 என்றும் ஒற்றையை 1 என்றும் எடுத்தால், ஒரு வரியை அதையே ஓரிடம் தள்ளி வைத்துக் கூட்டியதுதான் அடுத்த வரி. 1 + 1 வந்தால் 0, மிகுதி எடுத்துச் செல்வதில்லை. இந்தக் கணக்கில் ஈருறுப்பை வர்க்கித்தால் நடு உறுப்பு 2ஆல் பெருக்கப்பட்டு வருவதால் மறைந்துவிடும். அதனால்தான் வரி இலக்கம் 1, 2, 4, 8, 16, 32 ஆகும்போது இரு முனையிலும் மட்டும் 1 நின்று 3, 5, 17, 257, 65537, 4294967297 கிடைக்கிறது. முதல் வரியின் இலக்கம் 0 என்று எண்ண வேண்டும். மற்ற வரிகளுக்கு அந்த இலக்கத்தையே துவிதமாகப் பிரித்துப் பார். 5 = 4 + 1, ஆகவே அந்த வரி 17 × 3 = 51. 6 = 4 + 2, ஆகவே 17 × 5 = 85. இலக்கம் 63 = 32 + 16 + 8 + 4 + 2 + 1, ஆகவே அந்த வரியில் ஆறும் பெருகி 64 இடத்திலும் 1. அதுதான் தம்பலகாமத்துத் தம்பி கொண்டு வந்த எண்.

உன் முதல் 32 வரிகளுக்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. காவுஸ் 1796இல், பதினெட்டு வயதில், 17 பக்க ஒழுங்கான பல்கோணியை நேர்விளிம்பும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்று காட்டினார். ஒற்றை எண்ணிக்கையில் பக்கங்கள் இருந்து அப்படி வரையக்கூடியவை என்று இன்று தெரிந்தவை 31. அந்த 31உம் உன் முக்கோணியின் 3இலிருந்து 4294967295 வரையுள்ள வரிகள்தான். ஒற்றை எண்ணிக்கையில், ஃபெர்மா வரிசையின் வெவ்வேறு முதன்மை எண்களின் பெருக்கமாக வராதவை முடியாது என்பதை 1837இல் வான்ட்செல் நிறுவினார்.

இனி 64 வரிகளையும் எடு. அத்தனையும் 18446744073709551615இன் காரணிகள். ஆனால் அந்த எண்ணுக்கு ஏழு வெவ்வேறு முதன்மைக் காரணிகள், ஆகவே மொத்தக் காரணிகள் 2⁷ = 128. முக்கோணியில் சரி பாதிதான் வருகிறது. ஃபெர்மா சொன்னது சரியாக இருந்திருந்தால் முதன்மைக் காரணிகள் ஆறோடு நின்று, 64 காரணிகளும் 64 வரிகளில் ஒன்றுகூட விடாமல் வந்திருக்கும். வராத 64இல் ஒவ்வொன்றிலும் 641, 6700417 இரண்டில் ஒன்று மட்டும் இருக்கிறது. முக்கோணி அந்த இரண்டையும் பிரிப்பதே இல்லை. வந்தால் சேர்ந்துதான் வரும். 33ஆவது வரியை எழுதிப் பார்: இரு முனையிலும் 1, நடுவில் 31 பூச்சியங்கள். அங்கிருந்து 64ஆவது வரி வரை எல்லாவற்றிலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.